புரியாத சொல்லுக்குக் கையெழுத்துப் போடாதீங்க!

(மாணவர் அணி நடத்திய உயர்கல்வி – வேலைவாய்ப்பு வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றிய உரை. நேரில் வர முடியாத உறவுகளுக்காக எழுத்து வடிவில். கொஞ்சம் நீளம்தான். வீட்டில் கல்லூரிக்குப் போகிற பிள்ளை இருந்தால் சேமித்து வையுங்கள்.)



முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற தம்பி, தங்கைகளே! ஒருநாள் கூலியை விட்டுட்டு அவங்களைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கிற அப்பா, அம்மாக்களே! வெயில்னு பார்க்காம வீடு வீடாகப் போய் அழைத்து வந்த நம் தோழர்களே!

பிளஸ் டூ ரிசல்ட் வந்தாச்சு. பரீட்சை எழுதுற வேலையை நீங்க முடிச்சிட்டீங்க. இனிமே வரப்போறது கையெழுத்துப் போடுற வேலை. அட்மிஷன் ஃபார்ம், கல்விக்கடன் பத்திரம், ஹாஸ்டல் உறுதிமொழி, ஆஃபர் லெட்டர், பாண்ட் என்று அடுத்த நாலஞ்சு வருஷத்துல எத்தனையோ காகிதம் உங்க முன்னாடி நீட்டப்படும். எல்லாத்துலயும் நாம தினம் காதுல கேட்கிற, ஆனா அர்த்தம் யாரும் சொல்லித் தராத வார்த்தைகள் இருக்கும்.

படித்தவங்க இருக்கிற வீட்டுல இந்த வார்த்தைகளுக்கு அர்த்தம் சாப்பாட்டு நேரத்துலயே கிடைச்சுடும். மாமா சொல்வார், அக்கா சொல்வாங்க. குடும்பத்துல முதல் ஆளா கல்லூரிப் படி ஏறுற பிள்ளைக்கு யார் சொல்றது? அந்த இடத்துலதான் பணமும் போகுது, சீட்டும் போகுது, சில நேரம் சான்றிதழும் போகுது. அதனால இன்னைக்கு அரசியல் பேசப் போறதில்லை. வார்த்தைகளைப் பற்றி மட்டும் பேசப் போறேன்.

📌 கல்லூரியில் சேரும்போது

முதல் வார்த்தை கட்-ஆஃப். இதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு. குழப்பமே அதுலதான்.

ஒண்ணு, உங்க கட்-ஆஃப். பொறியியலுக்குக் கணக்கு மார்க் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு, மொத்தம் 200. கணக்கில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 84 வாங்கிய தங்கைக்கு 90 + 40 + 42, ஆக 172. தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத் தேர்வை நீக்கி 2006-ல் நம் சட்டமன்றம் சட்டம் போட்டதால்தான், இன்னைக்கும் பொறியியலுக்கு பிளஸ் டூ மார்க்கை வைத்தே கணக்கு நடக்குது.

இன்னொண்ணு, கல்லூரியோட கட்-ஆஃப். போன வருஷம் அந்தக் கல்லூரியில், அந்தப் பாடப்பிரிவில், அந்த வகுப்பினருக்குக் கடைசியாக இடம் கிடைத்தவர் வாங்கிய மார்க். அது வருஷா வருஷம் ஏறும், இறங்கும். "போன வருஷம் 175-ல முடிஞ்சுது, எனக்கு 172-தான்" என்று அந்தக் கல்லூரியைப் பட்டியலில் எழுதாமலே விட்டுடாதீங்க. எழுதாத கல்லூரி எந்தக் காலத்திலும் கிடைக்காது.

அடுத்து ஓசி. இதைப் பல பெற்றோர் தப்பாகப் புரிஞ்சுக்கிறாங்க. கலந்தாய்வில் ஓசி இடம் என்றால் ஓப்பன் காம்பெடிஷன், அதாவது பொதுப் போட்டி. அது எந்த ஒரு சாதிக்கும் ஒதுக்கின இடம் கிடையாது. தமிழ்நாட்டில் இட ஒதுக்கீடு 69 சதவீதம்: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் 20, பட்டியல் இனத்தவர் 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினர் 1. மிச்சம் இருக்கிற 31 சதவீதம் எல்லாருக்கும் பொது. சாதிச் சான்றிதழ் கொடுத்த பிள்ளையும் ரேங்க் இருந்தால் அந்த 31-க்குள் வரலாம். "சான்றிதழ் கொடுத்தா பொதுப் போட்டியில எடுக்க மாட்டாங்க" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. கொடுத்தால் ரெண்டு கதவு திறந்திருக்கும். கொடுக்கலைன்னா ஒண்ணுதான்.

இன்னொரு ஒதுக்கீடும் இருக்கு. 6-ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படிச்சவங்களுக்கு 7.5 சதவீதம். மருத்துவத்துக்கு 2020-லும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்விக்கு 2021-லும் வந்தது. பொறியியலில் இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசுடையது. விண்ணப்பத்தில் எந்தப் பள்ளியில் படிச்சீங்க என்ற பகுதியை அவசரத்தில் நிரப்பாதீங்க. பிரவுசிங் சென்டர்காரர் கையில் கொடுத்துட்டு டீ குடிக்கப் போயிடாதீங்க.

சாய்ஸ் ஃபில்லிங். விருப்பப் பட்டியல். எவ்வளவு வேணும்னாலும் எழுதலாம். உங்களுக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அது முதல்ல, அதுக்கப்புறம் அடுத்தது. "இதுதான் கிடைக்கும்னு தோணுது" என்று சுமாரான கல்லூரியை முதல்ல எழுதினால் அதுவே கிடைச்சுடும். மேலே போறதுக்கு வழி இருக்காது. கம்ப்யூட்டர் உங்க மனசைப் படிக்காது, நீங்க போட்ட வரிசையைத்தான் படிக்கும்.

ஒதுக்கீடு வந்ததும் திரையில் ஐந்து பொத்தான் வரும். கவனமா கேளுங்க.

👉 அக்செப்ட் அண்ட் ஜாயின்: கிடைச்சது போதும், சேர்ந்துக்கிறேன்.
👉 அக்செப்ட் அண்ட் அப்வர்டு: கிடைச்சதை வச்சுக்கிறேன், நான் இதுக்கு மேலே எழுதினது காலியானால் அதைக் கொடுங்க.
👉 டிக்ளைன் அண்ட் அப்வர்டு: கிடைச்சது வேண்டாம், மேலே இருக்கிறது வந்தால் மட்டும் போதும்.
👉 டிக்ளைன் அண்ட் மூவ் டு நெக்ஸ்ட் ரவுண்ட்: இது வேண்டாம், அடுத்த சுற்றுக்குப் போறேன்.
👉 டிக்ளைன் அண்ட் குயிட்: கலந்தாய்விலிருந்தே விலகுறேன்.

ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் ஒரே ஒரு வார்த்தைதான் வித்தியாசம். ஆனா ரெண்டாவதை அழுத்தினால் கையில் ஒரு சீட் இருக்கும். மூணாவதை அழுத்தி, மேலே இருப்பது வராமல் போனால் கையில் ஒண்ணும் இருக்காது. இந்தப் பொத்தானை இரவு பதினோரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் அழுத்தாதீங்க. அழுத்தின பிறகு, சொன்ன நாளுக்குள் பணம் கட்டவும் மறக்காதீங்க. நாள் தாண்டினால் சீட் போயிடும்.

கல்லூரி விளம்பரத்துக்கு வருவோம். இணைவுபெற்ற கல்லூரி என்றால் பாடத்திட்டம், தேர்வு, பட்டம் எல்லாமே பல்கலைக்கழகத்துடையது. தன்னாட்சி, அதாவது ஆட்டோனமஸ் என்றால் பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியுடையது, பட்டம் பல்கலைக்கழகம் கொடுக்கும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் பட்டமும் அவங்களே கொடுப்பாங்க. நம்ம பொறியியல் கலந்தாய்வில் அந்த இடங்கள் வராது. எது நல்லது, எது கெட்டது என்று நான் சொல்ல வரலை. எதில் சேர்றோம் என்று தெரிஞ்சு சேருங்க.

நாக், என்பிஏ என்று ரெண்டு முத்திரை போட்டிருப்பாங்க. நாக் முழுக் கல்லூரிக்குக் கொடுக்கிற தரச்சான்று. என்பிஏ ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியா கொடுப்பது. மெக்கானிக்கலுக்கு என்பிஏ இருக்கிறதால கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் இருக்குன்னு அர்த்தம் இல்லை. "நான் சேரப்போற பிரிவுக்கு இருக்கா? எந்த வருஷம் வரைக்கும்?" இந்த ரெண்டு கேள்வியைக் கேளுங்க.

கலை, அறிவியல் கல்லூரிக்குப் போறவங்களுக்கு இன்னொரு ஜோடி வார்த்தை: எய்டட், செல்ஃப் ஃபைனான்ஸ். ஒரே கல்லூரி, ஒரே வாசல், ஒரே பி.காம்! ஆனா எய்டட் பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்குது, அதனால கட்டணம் குறைவு. செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவில் அதை மாணவர் கட்டணத்திலிருந்து எடுக்கணும், அதனால பல மடங்கு கூடுதல். "அரசு உதவி பெறும் கல்லூரி" என்ற பெயர்ப்பலகையைப் பார்த்துப் பணம் எண்ணாதீங்க. உங்களுக்குக் கிடைச்ச சீட் எதில் என்று பாருங்க.

முதல் பட்டதாரி சான்றிதழ். குடும்பத்தில் யாருமே பட்டம் வாங்கலைன்னா தாசில்தார் அலுவலகம் மூலம் வாங்கலாம். கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். ஆனா அது கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவங்களுக்குத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துட்டு அந்தச் சான்றிதழை நீட்டினால் பலன் இல்லை. "கவுன்சலிங்கெல்லாம் எதுக்கு, நேரா வந்து சேருங்க" என்று அழைக்கிற ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார்.

நன்கொடை என்று கேட்டால்? நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்குவதற்கு கேபிடேஷன் ஃபீ என்று பெயர். அதைத் தடை செய்து தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் இருக்கு. கட்டுற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்க. ரசீது தராத பணத்துக்கு ஒரு பெயர்தான் உண்டு, அது உங்களுக்கே தெரியும்.

ஒரிஜினல் சர்டிஃபிகேட். சரிபார்த்துட்டுத் திருப்பிக் கொடுக்கணும். பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவிப்பு கொடுத்தது. அதே அறிவிப்பில் ரீஃபண்டுக்கும் கணக்கு சொல்லியிருக்கு. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்னாடியே விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தரணும். செயல்பாட்டுச் செலவு என்று 5 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது, அதுவும் 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. நாள் தள்ளிப்போகப் போகத் திரும்பி வருகிற தொகை குறையும். அதனால விலகுறதா இருந்தா வாயால சொல்லாதீங்க, எழுதிக் கொடுங்க, தேதியோடு நகல் வச்சுக்குங்க. அந்தந்த வருஷத்துக்கு மானியக் குழு புதுசா தேதி அறிவிச்சிருக்கான்னும் பார்த்துடுங்க.

கல்விக்கடனில் ஒரு வார்த்தை: மாரட்டோரியம். படிக்கிற காலமும், முடிச்ச பிறகு ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்ற சலுகை. தவணைதான் நிற்கும், வட்டி நிற்காது. வாங்கின நாளிலிருந்து அது ஓடிக்கிட்டே இருக்கும். முடிஞ்சவங்க படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிக்கிட்டு வாங்க. குடும்ப வருமானம் குறைவா இருக்கிறவங்களுக்கு வட்டி மானியம் உண்டு. கடன் வாங்கும்போதே வங்கியில் கேளுங்க, அப்புறம் கேட்டால் அலைய விடுவாங்க.

📌 படிக்கும்போது

ஜிபிஏ என்பது ஒரு செமஸ்டரோட சராசரி. சிஜிபிஏ என்பது முதல் செமஸ்டரிலிருந்து இதுவரைக்கும் சேர்த்து. முதல் வருஷத்தை விளையாட்டா விட்டவங்க, கடைசி வருஷம் ராத்திரி பகல் படிச்சாலும் சிஜிபிஏ கொஞ்சம்தான் அசையும். பழைய சுமையை அது தூக்கிக்கிட்டே வரும்.

அரியர். நம்ம ஊர்ல மீம் போடுற வார்த்தை. கம்பெனிக்காரங்க இதை ரெண்டு விதமா கேட்பாங்க. "நோ ஸ்டாண்டிங் அரியர்" என்றால் இன்னைக்குத் தேதியில் பாக்கி இருக்கக் கூடாது. முன்னாடி இருந்து எழுதி முடிச்சிருந்தா பரவாயில்லை. "நோ ஹிஸ்டரி ஆஃப் அரியர்" என்றால் ஒரு தடவைகூட விழுந்திருக்கக் கூடாது. அரியர் வச்சு எழுதி முடிச்ச எத்தனையோ தம்பிங்க, ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு விண்ணப்பமே போடாம இருக்காங்க. முதல் வகை அறிவிப்பு உங்களுக்கும் சேர்த்துத்தான்.

இன்டர்ன்ஷிப், அப்ரென்டிஸ். ரெண்டும் வேற. இன்டர்ன்ஷிப் படிக்கும்போது கொஞ்ச நாள் போய் வேலை பார்த்துக் கத்துக்கிறது. சில இடத்துல காசு தருவாங்க, சில இடத்துல தர மாட்டாங்க. காசு வாங்கிக்கிட்டு சர்டிஃபிகேட் மட்டும் கொடுக்கிற இடத்தில் ஒண்ணும் கத்துக்க முடியாது. அப்ரென்டிஸ், அதாவது தொழிற்பழகுநர், 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வருவது. ஒப்பந்தம் இருக்கும், மாதா மாதம் உதவித்தொகை இருக்கும். ஆனா பயிற்சி முடிச்சதும் வேலை கொடுத்தே ஆகணும்னு நிறுவனத்துக்குக் கட்டாயம் இல்லை. அனுபவத்துக்காகப் போங்க, நிரந்தர வேலைன்னு நினைச்சு ஏமாறாதீங்க.

📌 வேலைக்குப் போகும்போது

"100 சதவீதம் பிளேஸ்மென்ட்" என்று பேனர் வைப்பாங்க. கீழே பொடி எழுத்தில் "அசிஸ்டன்ஸ்" என்று இருக்கும். அசிஸ்டன்ஸ் என்றால் உதவி. முயற்சி செய்வோம் என்று அர்த்தம், வேலை தருவோம் என்று அர்த்தம் இல்லை.

அதே பேனரில் ஹையெஸ்ட் பேக்கேஜ், ஆவரேஜ் பேக்கேஜ் என்று போட்டிருப்பாங்க. ஒரு கணக்கு போடுவோம். பத்துப் பேருக்கு வேலை கிடைச்சுது. ஒன்பது பேருக்கு வருஷம் 3 லட்சம். ஒருத்தருக்கு 43 லட்சம். மொத்தம் 70 லட்சம், பத்தால் வகுத்தால் ஆவரேஜ் 7 லட்சம்! அந்த 7 லட்சம் அந்தப் பத்துப் பேரில் ஒருத்தர்கூட வாங்கலை. அதனால கேட்க வேண்டியது மீடியன். எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கிறவர் வாங்குறது எவ்வளவு? இங்கே அது 3 லட்சம்.

சிடிசி. காஸ்ட் டு கம்பெனி. உங்களை வேலைக்கு வச்சுக்கிறதுக்குக் கம்பெனிக்கு ஆகிற மொத்தச் செலவு. அது உங்க சம்பளம் கிடையாது. வருஷம் 3.6 லட்சம் என்றால் மாதம் 30,000 கைக்கு வரும்னு அம்மா கணக்குப் போடுவாங்க. ஒரு உதாரணம் சொல்றேன். அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வச்சுக்குங்க. அந்த 30,000-க்குள் கம்பெனி கட்டுற பிஎஃப் 12 சதவீதம் 1,800, கிராஜுவிட்டிக்கு ஒதுக்குறது சுமார் 720, மருத்துவக் காப்பீடு ஒரு 500, வருஷக் கடைசியில் தரப்போற வேரியபிள் பே மாதம் 3,000 எல்லாம் அடக்கம். இதெல்லாம் கழித்தால் சுமார் 24,000. அதிலிருந்து உங்க பங்கு பிஎஃப் 1,800, தொழில் வரி ஒரு 200 போனால், கைக்கு வருவது கிட்டத்தட்ட 22,000. இதுதான் டேக் ஹோம். வெளியூரில் அறை வாடகை, சாப்பாடு, கல்விக்கடன் தவணை எல்லாத்தையும் இந்த 22,000-ல் போட்டுப் பாருங்க.

பிஎஃப் பிடிச்சா கவலைப்படாதீங்க, அது உங்க பணம். 12 இலக்க யுஏஎன் எண் கொடுப்பாங்க. கம்பெனி மாறினாலும் எண் மாறக் கூடாது. சம்பளம் மாதம் 21,000 வரைக்கும் இருந்தால் ஈஎஸ்ஐ உண்டு. உங்ககிட்ட 0.75 சதவீதம் பிடிப்பாங்க, முதலாளி 3.25 சதவீதம் போடணும். அப்பா, அம்மா உங்களை நம்பி இருந்தா அவங்களுக்கும் சிகிச்சை கிடைக்கும். சம்பளத்தில் பிடிச்சதை நிஜமாகவே கட்டுறாங்களான்னு யுஏஎன் கணக்கில் மாசம் ஒருதடவை பாருங்க.

ஆஃபர் லெட்டர் வேற, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் வேற. முன்னது "உங்களை எடுக்க விரும்புறோம்" என்கிற கடிதம். பின்னது நியமன ஆணை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, நியமனக் கடிதம் கொடுப்பது கட்டாயம் என்கிறது. கேட்டு வாங்குங்க. யார் பெயரில் கொடுக்கிறாங்கன்னும் பாருங்க. வேலை பெரிய கம்பெனி வளாகத்தில் இருக்கும், கடிதம் ஒரு ஆள்சப்ளை ஏஜென்சி பெயரில் இருக்கும். அப்போ உங்க முதலாளி அந்த ஏஜென்சிதான்.

ப்ரொபேஷன் என்பது தகுதிகாண் காலம். நோட்டீஸ் பீரியட் என்பது வேலையை விடுறதுக்கு எத்தனை நாள் முன்னாடி சொல்லணும் என்பது. 30 நாளா, 90 நாளா? நீங்க விட்டால் 90, அவங்க அனுப்பினால் 15 என்று இருக்கா? கையெழுத்துக்கு முன்னாடி பாருங்க.

கடைசியா பாண்ட். "ரெண்டு வருஷம் விடக் கூடாது, விட்டால் இவ்வளவு கட்டணும்" என்ற ஒப்பந்தம். "பாண்டெல்லாம் கோர்ட்டுல செல்லாது மச்சி" என்று சொல்ற நண்பர் ஒருத்தர் எல்லா விடுதியிலயும் இருப்பார். அதை நம்பாதீங்க. 2025 மே மாதம், ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் என்ற பாண்ட் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதே நேரம், எழுதின தொகை முழுசும் அப்படியே கட்டணும் என்பதும் இல்லை. ஒப்பந்தச் சட்டம் நியாயமான இழப்பீடு என்றுதான் பேசுது. ஆக, பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். எத்தனை மாதம், எவ்வளவு தொகை, உண்மையில் என்ன பயிற்சி தர்றாங்க என்று படிச்சுட்டுப் போடுங்க. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை அடமானமாகக் கேட்டால் கொடுக்காதீங்க. வேலை தர முன்பணம் கேட்டால், அது ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீ என்றாலும் லேப்டாப் டெபாசிட் என்றாலும், எழுந்து வந்துடுங்க.

அரசு வேலைக்குப் படிக்கப் போறவங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: பிஎஸ்டிஎம். தமிழ் வழியில் படிச்சவங்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை. சட்டம் 2010-ல் வந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒண்ணாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படிச்சிருக்கணும். டிசி வாங்கப் பள்ளிக்கூடம் போற அன்னைக்கே தமிழ் வழிச் சான்றிதழையும் கேட்டு வாங்கிடுங்க. பத்து வருஷம் கழிச்சு அலையாதீங்க.

📌 நம் தோழர்களுக்கு

69 சதவீதமும், நுழைவுத் தேர்வு நீக்கமும், 7.5-ம், 20-ம் சும்மா வந்ததில்லை. எத்தனையோ பேர் கேட்டு, போராடி, சட்டமாக்கின உரிமைகள். ஒரு பொத்தானைத் தப்பா அழுத்தி, ஒரு கட்டத்தை நிரப்பாம விட்டு, நம்ம தெருப் பிள்ளை அதை இழந்தால், அந்த உரிமை காகிதத்தோடு நின்னு போச்சுன்னு அர்த்தம்.

அதனால ஒவ்வொரு கிளையிலும் விஷயம் தெரிஞ்ச ரெண்டு பேர், கலந்தாய்வு முடியுற வரைக்கும் சாயங்காலம் ஒரு மணி நேரம் படிப்பகத்தில் உட்காருங்க. எந்தக் கட்சிக்கார வீட்டுப் பிள்ளை வந்தாலும் விண்ணப்பத்தைப் படிச்சுச் சொல்லுங்க. உறுப்பினர் அட்டை கேட்காதீங்க.

தம்பி, தங்கைகளே! புரியலைன்னா "புரியலை, சொல்லுங்க" என்று கேளுங்க. கேட்கிறதுல ஒரு அவமானமும் இல்லை. "நாளைக்கு வந்து கையெழுத்துப் போடுறேன்" என்று சொல்ற உரிமை உங்களுக்கு எப்பவும் உண்டு. நல்ல இடம் ஒரு நாள் காத்திருக்கும். காத்திருக்க முடியாதுன்னு அவசரப்படுத்துற இடத்தை ரெண்டு தடவை யோசிங்க.

நல்லா படிங்க. காகிதத்தையும் சேர்த்துப் படிங்க. வாழ்த்துகள்!

🔁 பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிற வீடுகளுக்கு இதைப் பகிருங்கள். வேறு எந்தச் சொல்லுக்கு விளக்கம் வேண்டும் என்று கமெண்டில் கேளுங்கள், மாணவர் அணித் தோழர்கள் பதில் சொல்வார்கள்.

#உயர்கல்வி #மாணவர்அணி #படித்துக்_கையெழுத்திடு